அக்கா வீட்டில் ஒரு காட்டுப் பறவை

கோலாலம்பூரில் காலை எட்டு மணிப் பேருந்தைப் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பத்து பாகாட் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆயர் ஈத்தாமில் விரைவுச்சாலையை விட்டு இறங்கி, பாரிட் ராஜா வழியாக வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோதே அக்காவிடமிருந்து இரண்டு முறை அழைப்பு வந்துவிட்டது. "எங்க வந்துட்ட?" என்பது சாக்கு. "நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?" என்பதுதான் விஷயம்.

அவர் சொன்னது இதுதான். மருமகன் மூன்று ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். யார் கேட்டாலும் 'ஹோட்டல் வேலை' என்பார் அக்கா. கேட்பவர்கள் அறை சாவி கொடுக்கும் இடத்தில் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். போன மாதம் உறவுக்காரப் பையன் ஒருவன் முகநூலில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் அனுப்பிவிட்டான். படத்தில் மருமகன் கறுப்பு ஏப்ரன் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் வெள்ளிக் குப்பி ஒன்றைக் குலுக்கிக்கொண்டிருக்கிறான். பின்னால் வரிசையாகப் பாட்டில்கள்.

"தண்ணி ஊத்திக் குடுக்குறான் தம்பி. எங்கப்பா குடிச்சே செத்தாரு. எம் பிள்ள ஊத்திக் குடுக்குறான். பொண்ணு யாரு குடுப்பா? நீ பேப்பர்ல எழுதுறவன், நீ சொன்னா கேப்பான்."

நான் சொல்லி யாரும் எதையும் கேட்டதாக வரலாறு இல்லை. ஆனாலும் அக்கா கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா?

பத்து பாகாட் அவசரம் இல்லாத ஊர். சிம்பாங் கிரி, சிம்பாங் கானான் என்று இரண்டு ஆறுகள் சேர்ந்து ஒன்றாகிக் கடலுக்குப் போகிற இடம். பத்து பாகாட் என்றால் உளியால் செதுக்கிய கல். மலாக்காவைத் தாக்க வந்த சயாமியப் படை தண்ணீருக்காகப் பாறையைக் குடைந்து கிணறு வெட்டியது என்று ஒரு கதை உண்டு. கடலோரத்து மின்யாக் பெக்குவில் அந்தக் கிணறு என்று ஒன்றை இன்றும் காட்டுகிறார்கள். ஊருக்குப் பண்டார் பெங்காராம் என்றும் ஒரு பெயர் உண்டு. உப்புக் காய்ச்சுகிறவர்களின் ஊர். இப்போது யாரும் உப்புக் காய்ச்சுவதில்லை. ஆனால் இந்த உப்பைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பேருந்து நிலையத்துக்கு மருமகன்தான் மோட்டாரில் வந்தான். வரும் வழியில் ஜாலான் ரஹ்மாட் பக்கம் நிறுத்தி, மூன்று பொட்டலம் பிரியாணி காம் வாங்கினான். இந்த ஊருக்கு வருகிறவர்கள் அதைச் சாப்பிடாமல் திரும்பினால் குற்றம். இறைச்சியும் அரிசியும் ஒன்றாக வெந்த சோறு. பக்கத்தில் பருப்புச் சாறும் அன்னாசி போட்ட ஆச்சாரும். "இங்க எல்லாத்துலயும் அன்னாசி இருக்கும் மாமா" என்றான். பேச்சை அவனே ஆரம்பித்தது எனக்கு வசதியாகப் போயிற்று.

சாப்பிட்டு முடித்ததும் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் தொண்டையைக் கனைத்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"அம்மா சொல்லித்தானே வந்தீங்க? திட்டுறதுக்கு முன்னால ஒன்னு கேக்குறேன். கே.எல்.ல பொறந்த ஒரு காக்டெயில் உலகம் பூரா சுத்துது, தெரியுமா?"

தெரியாது. நாற்பது ஆண்டுகளாகக் கோலாலம்பூரில் இருக்கிறேன்; நாசி லெமாக்கைத் தவிர வேறெதுவும் அங்கிருந்து உலகம் சுற்றப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதன் பெயர் ஜங்கிள் பேர்ட். காட்டுப் பறவை. 1973 ஜூலை 6-ஆம் தேதி ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் கோலாலம்பூர் ஹில்டன் ஹோட்டல் திறக்கப்பட்டது. அங்கே நீச்சல் குளத்தின் பக்கம் ஏவியரி பார் என்று ஒரு மதுக்கூடம். ஏவியரி என்றால் பறவைக் கூண்டு. வலை கட்டிய இடத்தில் பறவைகளை வளர்த்தார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணாடி வழியாக அவற்றைப் பார்த்துக்கொண்டே குடிக்கலாம். ஹோட்டலுக்கு வரும் விருந்தினருக்கு வரவேற்பு பானமாக ஏதாவது புதிதாகக் கொடுக்க வேண்டும் என்று, அங்கே வேலை செய்த ஜெஃப்ரி ஓங் கலந்து உருவாக்கியதுதான் இது. முதலில் பறவை வடிவப் பீங்கான் பாத்திரத்தில் கொடுத்திருக்கிறார்கள்.

கணக்கு சிக்கலானது இல்லை. கறுத்த ஜமைக்கா ரம் 45 மில்லி. கம்பாரி என்கிற சிவப்புக் கசப்பு மது 22 மில்லி. அன்னாசிச் சாறு 120. எலுமிச்சைச் சாறு 15, சர்க்கரைப் பாகு 15. ஐஸ் போட்டுக் குலுக்கினால் முடிந்தது. அன்னாசிச் சாற்றைக் குலுக்கினால் மேலே நுரை கட்டும். அதுதான் பார்ப்பதற்கு அழகு.

பிறந்த வீட்டில் இந்தப் பானத்துக்குப் பெரிய பேர் கிடைக்கவில்லை. 1989-இல் அமெரிக்காவில் ஜான் பாய்ஸ்டர் எழுதிய ஒரு குறிப்புப் புத்தகத்தில் அது இடம்பெற்றது. அதிலிருந்து எடுத்து ஜெஃப் பெர்ரி என்கிற ஆய்வாளர் 2002-இல் தன் புத்தகத்தில் போட்டார். பழைய வெப்பமண்டலப் பானங்களைத் துப்பறிந்து கண்டுபிடிப்பதே அவர் வேலை. 2010 வாக்கில் நியூயார்க்கில் ஜுசெப்பே கொன்சாலெஸ் என்கிற மதுக்கலவையாளர் இன்னும் கறுத்த ரம்மைப் போட்டு, அன்னாசிச் சாற்றை 45 மில்லியாகக் குறைத்து, கசப்பை முன்னால் கொண்டுவந்தார். அதற்குப் பிறகுதான் லண்டன், டோக்கியோ, சிங்கப்பூர் என்று எல்லா இடத்திலும் பட்டியலில் ஏறியது. அங்கெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் கோலாலம்பூருக்கே திரும்பி வந்தது. பிறந்த ஆண்டு 1978 என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். ஹோட்டல் திறப்பு விழாவோடு பிறந்தது என்பது நம் நாட்டுக்காரர்கள் தேடிப்போன பிறகுதான் வெளியே தெரிந்தது. ஜெஃப்ரி ஓங் 2019-இல் காலமானார். ஹில்டன் 2004-இல் கே.எல். சென்ட்ரலுக்கு இடம் மாறிவிட்டது. பழைய கட்டடத்தை வேறு ஹோட்டல்கள் நடத்தின, பிறகு இடித்துவிட்டார்கள். பறவைக்குக் கூடு இல்லை.

"சிங்கப்பூர் ஸ்லிங்கை எல்லாருக்கும் தெரியும். ராஃபிள்ஸ் ஹோட்டல்ல ஞியாம் தோங் பூன் கண்டுபிடிச்சாருன்னு விமான நிலையத்துல கூட விக்கிறாங்க. நம்மது நமக்கே தெரியல" என்றான். குரலில் கொஞ்சம் ரோஷம் இருந்தது.

இந்த வகைப் பானங்களுக்குத் திக்கி என்று பெயர். அமெரிக்காவில் மதுவிலக்கு 1933 டிசம்பரில் நீங்கியதும், எர்னஸ்ட் கான்ட் என்பவர் ஹாலிவுட்டில் மூங்கிலும் வலையும் தொங்கவிட்டு ஒரு சின்ன மதுக்கடையைத் திறந்தார். பிற்பாடு 'டான் பீச்' என்று தன் பெயரையே மாற்றிக்கொண்டார். அப்போது ரம் மலிவு. இரண்டு மூன்று ரம்களைப் பழச்சாற்றோடும் கிராம்பு, பட்டையோடும் கலந்து தென்கடல் தீவு என்று விற்றார். செய்முறை வெளியே போய்விடக்கூடாது என்று பாட்டில்களுக்கு ரகசியக் குறி போட்டு வைத்தாராம். கலந்து கொடுத்தவர்களில் பலர் பிலிப்பினோக்கள். வடக்கே ஓக்லண்டில் விக்டர் பெர்ஜெரான் அதே வழியில் 'டிரேடர் விக்' என்று கடை நடத்தி, 1944-இல் மாய் டாய் என்ற பானத்தை உருவாக்கினார். பசிபிக் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் தீவுகளைப் பற்றிய நினைவோடு வந்தார்கள். 1959-இல் ஹவாய் அமெரிக்காவின் மாநிலமானது. மதுக்கடைக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்?

ஆக, திக்கி என்பது கலிபோர்னியாவில் கட்டிய பொய்த்தீவு. அந்தத் தீவுகளில் யாரும் இதைக் குடித்ததில்லை. ரம் கரீபியன் சரக்கு. திக்கி என்ற சொல்லோ பாலினேசியர்களின் மூதாதையர் உருவத்தைக் குறிப்பது. மாவோரி மக்களுக்கு அது முதல் மனிதனின் பெயர். அந்த உருவத்தைப் பீங்கான் குவளையாக வார்த்து, தலையில் குழாய் செருகிக் கொடுத்தார்கள். நம் முனியாண்டி சாமியை யாராவது குவளையாக்கி, மீசைக்கு நடுவே ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தால் சும்மா இருப்போமா? இதை நான் சொன்னபோது மருமகன் சிரிக்கவில்லை. "எங்க கடையில அந்தக் குவளை வேணாம்னு நாந்தான் சொன்னேன் மாமா" என்றான். பிறகு, "ஆனா முனியாண்டிக்குச் சுருட்டும் சம்சுவும் வச்சுத்தானே கும்புடுறோம்" என்றான். பதில் சொல்லத் தெரியாமல் தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் காலை பசியாறிவிட்டு இரண்டு பேரும் பக்கத்து வீட்டுக்காரரின் காரை இரவல் வாங்கிக்கொண்டு அன்னாசி வாங்கப் புறப்பட்டோம். பக்கத்திலேயே பாசாரில் கிடைக்கும். ஆனால் மடியிலிருந்து பிள்ளையை எடுத்துத் தருகிற மாதிரி தோட்டத்துக்காரர் கையிலிருந்து வாங்க வேண்டும் என்றான். கொஞ்சம் அதிகப்படிதான், அந்த வயதில் நானும் அப்படித்தான் பேசினேன்.

செங்காராங், ரெங்கிட், பெனுட், பொந்தியான். கடலோரச் சாலை; கடல் கண்ணில் படாது. ஊருக்கு ஊர் 'பாரிட்' என்று தொடங்கும் பெயர்ப் பலகைகள். பாரிட் என்றால் வாய்க்கால். சதுப்பு நிலத்தை வாய்க்கால் வெட்டி வடியவைத்து உருவான ஊர்கள். வாய்க்கால் தண்ணீர் பால் ஊற்றாத தேநீர் நிறத்தில் இருக்கும். கீழே மக்கிய இலையும் வேரும் கலந்த கரி மண். அந்த மண்ணின் புளிப்பைப் பெரும்பாலான பயிர்கள் தாங்காது. அன்னாசி தாங்கும். அதனால்தான் ஜொகூரின் இந்த மேற்குக் கரை அன்னாசிச் சீமையானது. பொந்தியான் மாவட்டத்தில் ஓர் ஊருக்குப் பெயரே பெக்கான் நானாஸ், அன்னாசிப் பட்டணம். அங்கே அன்னாசிக்கென்று அருங்காட்சியகமும் உண்டு.

அன்னாசியும் வந்தேறிதான். தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. அவர்கள் சொன்ன அனனாஸ்தான் நம் வாயில் அன்னாசி ஆனது, மலாய்க்காரர் வாயில் நானாஸ். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜொகூரில் ரப்பர் நட்டவர்கள், கன்றுகள் பால் தரும் வரை இடையில் அன்னாசி போட்டார்கள். ஐந்தாறு ஆண்டு காத்திருக்கும் செலவை அன்னாசி ஏற்றுக்கொண்டது. பழத்தைத் தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலைகள் சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் வந்தன. 1930-களில் தகர அன்னாசி ஏற்றுமதியில் ஹவாய்க்கு அடுத்த இடம் மலாயாவுக்கு. சிங்கப்பூரில் லிம் நீ சூன் அன்னாசி ராஜா என்றே அழைக்கப்பட்டார். தமிழன் பால் வெட்டிய மரங்களில் பல, அன்னாசிக்கு நடுவே வளர்ந்தவை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. எங்கள் அப்பா யோங் பெங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மரம் வெட்டியவர். "கன்னு நட்ட காலத்துல இங்க அன்னாசிக் காடு" என்று தாத்தா சொன்னதாக அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். சின்ன வயதில் கதை என்று நினைத்தேன்.

ரம்மிலும் நம் ஆட்களின் வியர்வை கொஞ்சம் கலந்திருக்கிறது. கரும்புப் பாகின் கழிவை நொதிக்கவைத்துக் காய்ச்சுவது ரம். அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடி வெள்ளைக்காரன் இந்தியாவுக்கு வந்தான். சென்னையிலிருந்து பிரிட்டிஷ் கயானாவுக்கும், பாண்டிச்சேரி, காரைக்காலிலிருந்து மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளுக்கும் 1840-களிலும் 50-களிலும் தமிழர்கள் கப்பலேறினார்கள். இங்கேயும் ரப்பருக்கு முன்னால் பினாங்குக்கு எதிர்க்கரையில், புரோவின்ஸ் வெல்லெஸ்லியில், கரும்பு வெட்டத்தான் நம்மவர்களை ஒப்பந்தத்தில் கொண்டுவந்தார்கள். கரும்பு வெட்டியவனுக்கு ரம் கிடைத்திருக்கலாம், கிடைக்காமல் இருந்திருக்கலாம். மலாயாத் தோட்டத்தில் அவனுக்குக் கிடைத்தது கள்.

இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் ஐம்பது வயதைத் தாண்டிய தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கள்ளுக்கடையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்தின் எல்லையிலேயே கடை இருக்கும். பல இடங்களில் அதை நடத்தியது நிர்வாகம். சம்பளத்தை ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. பெரியார் 1929-இன் கடைசியில் மலாயா வந்து போனதற்குப் பிறகு சீர்திருத்தச் சங்கங்கள் தோட்டங்களில் கள்ளுக்கு எதிராகப் பேசின. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வு கேட்ட அதே பட்டியலில் கள்ளுக்கடையை மூடு என்பதும் இருந்தது. போருக்குப் பின் 1947-இல் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்தது. போலீஸ் வந்தது, இரத்தம் சிந்தியது. குடிக்காதே என்று மேடையில் சொல்வது சுலபம். தன் ஆட்களே குடிக்கும் கடையின் வாசலில் தடியடிக்கு நடுவே நின்றவர்கள் அவர்கள்.

1973-இல் ஹில்டன் ஹோட்டலில் பீங்கான் பறவை கைமாறிக்கொண்டிருந்த அந்த ஜூலையில் அப்பாவுக்கு முப்பது வயதிருக்கும். அப்போது தோட்டத்தில் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதி கிடைக்காமல் ஊருக்குக் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்பாவின் கூட்டாளிகள் பலர் போனார்கள். அப்பாவுக்கு நீல அடையாளக் கார்டு இருந்தது, போகவில்லை. மாலையில் மங்குக் குவளையில் கள் குடித்தார். பிறகு கள் போதாமல் சம்சு. மலிவு விலையில் குட்டிப் பாட்டில். அவர் குடிக்கும் எவர்சில்வர் தம்ளரை அம்மா வீட்டுப் பாத்திரத்தோடு சேர்க்கமாட்டார். தனியாகக் கழுவிப் பின்பக்க ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைப்பார். மழை பெய்தாலும் அங்கேயேதான் இருக்கும். அப்பா 1986-இல் போனார். அன்றைக்கு அக்காவுக்குப் பதினேழு வயது, எனக்குப் பதினொன்று. அடுத்த வாரமே அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பத்து பாகாட்டில் துணி தைக்கும் தொழிற்சாலையில் சேர்ந்தார். நான் படித்தது அந்தத் தையல் காசில்.

ரெங்கிட்டைத் தாண்டி ஒரு மலாய்க்காரக் கிழவர் கடையில் ஆறு அன்னாசி வாங்கினோம். ஜோசபைன் என்கிற ரகம். ஜொகூர், சரவாக் ரகங்களைக் கலந்து மார்டி 1996-இல் வெளியிட்டது. பெயரும் இரண்டிலிருந்தும் பிறந்தது. கிழவர் ஒன்றை எங்களுக்காகச் சீவினார். கண்களைச் சுற்றிச் சுற்றி, திருகாணி மாதிரி சாய்வாகக் கோடு போட்டுக்கொண்டே வந்து எடுத்தார். பிறகு உப்புத் தண்ணீரில் முக்கிக் கொடுத்தார். மருமகன் இரண்டு துண்டை மென்றுவிட்டுச் சொன்னான்: "சிங்கப்பூர்ல வர்ற பழம் தண்ணி மாதிரி இருக்கும் மாமா. இதுல போட்டா எங்க பாஸ் அழுதுடுவாரு."

திரும்பும் வழியில் நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். வேறு வேலை பார்க்கலாமே? அவன் கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினான். தாத்தா கதை தனக்கும் தெரியும் என்றான். தான் குடிப்பதில்லை, ருசி பார்த்துத் துப்புவதோடு சரி என்றான். ஒருவன் அளவு மீறினால் இனிமேல் இல்லை என்று சொல்லும் அதிகாரம் தனக்கு இருக்கிறது, அதை மாதத்தில் பல முறை பயன்படுத்துகிறேன் என்றான். "கள்ளுக்கடையில அப்படி யாராவது தாத்தாகிட்ட சொன்னாங்களா?" என்று கேட்டான். சொல்லவில்லை. ஆனால் அவன் கேள்வியில் ஒரு ஓட்டை இருந்தது. அவன் கடையில் ஒரு கிளாஸ் விற்கும் விலைக்கு அப்பா வாரம் முழுக்கக் குடித்திருப்பார். காசு உள்ளவனுக்கு நுரை கட்டிய பறவை, இல்லாதவனுக்குக் குட்டிப் பாட்டில். இதையும் சொன்னேன். "அது உண்மைதான் மாமா" என்றான். அதற்கு மேல் இருவருக்கும் அதில் பேச ஒன்றும் இல்லை.

சாயங்காலம் அவன் அம்மாவிடம் போய், ஒன்று கலந்து காட்டட்டுமா என்று கேட்டான். அக்கா அடுப்பைப் பார்த்தபடியே, "பாட்டிலு என் சமையக்கட்டுக்குள்ள வரக்கூடாது" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை இருவருமே கவனித்தோம்.

ஆக, வேலை இரண்டாகப் பிரிந்தது. பின்பக்கம் துணி துவைக்கும் கல்மேல் எனக்காக ஒன்று. உள்ளே அக்காவுக்காகச் சாராயம் இல்லாத ஒன்று. பையிலிருந்து சின்னச் சின்னப் பாட்டில்களை எடுத்தான். கம்பாரி கண்ணைப் பறிக்கும் சிவப்பு. 1860-இல் இத்தாலியில் கஸ்பாரே கம்பாரி என்பவர் மூலிகையும் பழத்தோலும் ஊறவைத்துச் செய்தது. அந்தச் சிவப்பை நெடுங்காலம் கள்ளிச்செடியில் வாழும் ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுத்தார்களாம். நான் குடிக்கிறவன் இல்லை. ஆனால் எழுதுவதற்காக ஒரு வாய் குடித்தேன். முதலில் அன்னாசி வாசம், பிறகு இனிப்பு, அது நாக்கில் உட்காருவதற்குள் கசப்பு வந்து தட்டிவிடுகிறது. ரம்மின் கருகிய வெல்ல வாசம் கடைசியில் தங்குகிறது. இனிப்புப் பானம் என்றால் இரண்டாவது வாய் திகட்டும். இது திகட்டவில்லை. கசப்புதான் காரணம். சித்திரை முதல் நாள் வெல்லமும் மாங்காயும் வேப்பம்பூவும் போட்டுப் பச்சடி செய்கிறோமே, அதே கணக்கு. உலகத்தில் எத்தனையோ அன்னாசிப் பானம் இருந்தும் இதைத் தேடிக் குடிக்கிறார்கள் என்றால் ஆச்சரியமில்லை. மிச்சத்தை வாய்க்காலில் ஊற்றினான். அவனும் குடிக்கவில்லை, நானும் குடிக்கவில்லை.

உள்ளே அவன் செய்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். கம்பாரி இல்லாமல் கசப்புக்கு எங்கே போவது? ஆரஞ்சுத் தோலைச் சீவிக் கொதிக்கவிட்டு, அதில் கிள்ளுப் போல நிலவேம்பு போட்டு வடிகட்டினான். அக்கா சர்க்கரை நோய்க்கென்று வாங்கி வைத்திருந்த நிலவேம்பு. ரம்முக்குப் பதில் குலா மலாக்காவைக் கொஞ்சம் கருகவிட்டுக் காய்ச்சிய பாகு. அன்னாசிச் சாறு, எலுமிச்சை. கடைசியாக இரண்டு விரலால் உப்பு. உப்பு கசப்பை அமுக்கி இனிப்பைத் தூக்கும் என்று விளக்கினான். "இது எனக்குத் தெரியாதா? அன்னாசியை உப்புத் தண்ணியில போடச் சொன்னதே எங்கம்மா" என்றார் அக்கா. மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் ஐஸைப் போட்டு, அந்தப் படத்தில் குலுக்கிய மாதிரியே குலுக்கினான். அக்கா அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தையல் மெஷினில் இருபது ஆண்டு உட்கார்ந்தவருக்குக் கை வேலை தெரிந்தவன் யார் என்று தெரியும்.

நுரையோடு கண்ணாடி கிளாஸில் ஊற்றிக் கொடுத்தான். அக்கா முகர்ந்து பார்த்தார். குடித்தார். முகத்தைச் சுளித்தார். மறுபடி குடித்தார். "கசக்குது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார். முழுதும் குடித்து முடித்துவிட்டு, "இதுக்கு எவ்வளவு வாங்குறீங்க?" என்று கேட்டார். அவன் சிங்கப்பூர் வெள்ளியில் சொன்னான். அக்கா அதை மனதுக்குள் நம் வெள்ளிக்கு மாற்றிப் பார்த்து, "அநியாயம்" என்றார்.

இரவு நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்த்தேன். அக்கா குடித்த கிளாஸ் மற்ற பாத்திரங்களோடு அலமாரியில் இருந்தது. நான் ஒரு வாய் குடித்த கிளாஸ் தனியாகக் கழுவப்பட்டு, பின்பக்க ஜன்னல் திட்டில் கவிழ்ந்திருந்தது. விடியற்காலையில் மழை பெய்தது.

காலையில் மருமகன் சிங்கப்பூர் பேருந்துக்குப் புறப்பட்டான். ஜன்னல் திட்டை அவனும் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை, கிளாஸைத் துடைத்துத் தன் பையில் வைத்துக்கொண்டான். அக்கா சமையலறையிலிருந்து இரண்டு அன்னாசியைப் பழைய செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்தார். அவன் பையைத் திறந்து துணிக்கு நடுவே அவற்றை அழுத்தி வைத்தார்.

"அங்க கிடைக்கிறது தண்ணி மாதிரி இருக்கும்னியே" என்றார். "ரெண்டு நாளைக்குள்ள வெட்டிடு. அழுகிடும்."